ஆணித்தரமா, ஆணியடியா?

சென்ற மாதம் களக்காட்டில் ஒரு வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்தது. பெண்ணும் படித்தவள், பையனும் படித்தவன். இருவருக்கும் மனச் சம்மதம். இரு வீட்டாருக்கும் கொடுக்கல் வாங்கலில் கூடத் தகராறு கிடையாது. பந்தலுக்கு ஆள் சொல்லி, சமையலுக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. இந்த நிலையில் உறவில் மூத்த பெரியவர் ஒருவர் எழுந்து, பெண்ணின் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் இருக்கிறது என்றும், பையனுக்கு அது இல்லை என்றும், இந்தச் சம்பந்தம் கூடாது என்றும் சொன்னார். பெண்ணின் தாய்மாமன், “அண்ணாச்சி, இந்தக் காலத்திலே இதெல்லாம் பார்க்க வேணுமா?” என்று மெதுவாகக் கேட்டார். உடனே பெரியவர் தாம்பாளத்தில் ஓங்கி ஓர் அடி அடித்து, “பார்க்காமல் கட்டின வீட்டிலே ஆறே மாதத்தில் புருஷன் போனான். என் கண்ணாலே பார்த்தேன். எங்க தாத்தா காலத்திலேயிருந்து உள்ள வழக்கம். இதுக்கு மேலே என்ன வேணும்?” என்றார்.

யாரும் வாய் திறக்கவில்லை. கல்யாணம் நின்றுபோயிற்று. வெளியே வரும்போது ஒருவர் இன்னொருவரிடம், “என்ன இருந்தாலும் அண்ணாச்சி ஆணித்தரமாப் பேசிப்புட்டாருல்லா!” என்றார்.

நானும் அங்கே இருந்தேன். மேடைகளில் மணிக்கணக்காகப் பேசுகிற எனக்கும் அந்த நிமிஷத்தில் பதில் வரவில்லை. அந்த வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து, பெரியவர் பேசியதைப் பற்றியும், அதற்கு ஜனங்கள் கொடுத்த பெயரைப் பற்றியும் யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்க, ஒரு பெண்ணின் வாழ்வை நிறுத்திய அந்தப் பேச்சுக்கும் ‘ஆணித்தரம்’ என்ற சொல்லுக்கும் எள்ளளவு சம்பந்தமும் இல்லை என்று விளங்கிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆணித்தரம் என்றவுடன் நம்மில் பெரும்பாலோர் நினைப்பது இரும்பாணியைத்தான். சுத்தியலால் ஓங்கி அடித்தால் ஆணி மரத்தில் இறங்குவதுபோல, ஓங்கிப் பேசினால் பேச்சு மனத்தில் இறங்கும். அப்படி இறங்குவதே ஆணித்தரம் என்பது எண்ணம். ஆகையினால்தான் மேஜையைக் குத்துகிறவனும், தொண்டை நரம்பு புடைக்கக் கத்துகிறவனும், எதிராளியைப் பேசவிடாமல் அடக்குகிறவனும் ஆணித்தரமாகப் பேசுகிறவர்கள் என்று பெயர் வாங்கிக்கொண்டு திரிகிறார்கள்.

தோழர்களே, அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அதில் ‘அடி’ எங்கே இருக்கிறது? ‘தரம்’ அல்லவா இருக்கிறது? தரம் என்பது சுத்தியல் பிடித்தவன் பேச்சா, தராசு பிடித்தவன் பேச்சா? ஏத்தன் வாழைத்தாருக்குத் தரம் பார்க்கிறோம். நெல்லுக்கும் பருத்திக்கும் தரம் பார்க்கிறோம். நல்லதையும் நடுத்தரத்தையும் கழிவையும் பிரித்து வைப்பதற்கே தரம் என்று பெயர். ஆணிவேர், அச்சாணி, எழுத்தாணி என்று பல இடங்களில் வரும் ஆணி என்ற சொல்லுக்கு உயர்ந்தது, மேலானது என்ற பொருளும் நம் பாஷையில் உண்டு. மாற்று உயர்ந்த பொன்னுக்கு ஆணிப்பொன் என்று பெயர். முத்துக்களில் சிறந்ததற்கு ஆணிமுத்து என்று பெயர். அந்த முதல்தரத்தைச் சொல்லும் சொல்லே ஆணித்தரம். இது கொல்லன் பட்டறையிலிருந்து வந்த சொல் அல்ல. முத்துக் கடையிலிருந்தும் பொன் கடையிலிருந்தும் வந்த சொல்.

சொற்போர், வாதில் வெல்லுதல், வாயடைத்தல், மடக்குதல் என்று விவாதத்துக்கு நாம் வழங்கும் சொற்களில் பெரும்பாலானவை சண்டைச் சொற்கள். ஆணித்தரம் ஒன்றுதான் சண்டை போடாமல் எடை போடுகிற சொல். அதையும் பிடித்துச் சண்டைக்கு அனுப்பிவிட்டோம்!

திருநெல்வேலிச் சீமைக்காரர்களாகிய நமக்கு முத்தின் கதையை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாமிரபரணி கடலில் கலந்த இடத்தில் இருந்த கொற்கைத் துறைமுகம் முத்தினால் பேர் பெற்றது. பிற்காலத்தில் அந்த வியாபாரம் தூத்துக்குடிக்குப் போயிற்று. 1961-க்குப் பிறகு அங்கேயும் முத்துக்குளிப்பு இல்லை. ஆனால் நடந்த காலத்தில் எப்படித் தரம் பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சிப்பியை அழுகவிட்டு, அந்த நாற்றத்தில் நின்று கழுவி, முத்தை எடுப்பார்கள். பிறகு பித்தளைச் சல்லடைத் தட்டுகளில் சலிப்பார்கள். முதல் தட்டில் 20 கண். கடைசித் தட்டில் 1000 கண். இப்படிப் பத்துத் தட்டுகள். பருமனால் பிரித்த பிறகு, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து உருட்டி, உருண்டை சரியா, ஒளி சரியா என்று பார்ப்பார்கள். இரண்டும் குறையின்றி இருந்தால்தான் ஆணி. அடித்தட்டில் விழுவது தூள்.

அதற்கு முன்பும் இதே கண்டிப்புதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நகைக் கணக்கைப் பாருங்கள். வட்டம், அனுவட்டம், குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பட்டி என்று முத்துக்களை வகைபிரித்து எண்ணி எழுதியிருக்கிறார்கள். பொன்னை ‘ஆடவல்லான்’ என்று பெயரிட்ட கல்லால் நிறுத்து எழுதியிருக்கிறார்கள். சாமிக்குக் கொடுத்த நகைதானே என்று யாரும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை! பத்தர்களும் அப்படியே. மாற்றுத் தெரிந்த பொன்னால் ஆன உரையாணியை உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, பக்கத்திலேயே வந்த பொன்னையும் ஒரு கோடு இழுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார்கள்.

விற்கிறவன் தாம்பாளத்தில் ஓங்கி அடித்தால் தூள்முத்து ஆணிமுத்தாகுமா? “எங்க தாத்தா காலத்திலிருந்து இது தங்கம்தான்” என்று சொன்னால் பித்தளை பத்தரை மாற்றாகுமா? ஒரு குன்றிமணி பொன்னுக்கு இவ்வளவு பார்க்கிற நாம், ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் பேச்சை எந்தக் கல்லிலும் உரைக்காமல் வாங்கிக்கொண்டு வருகிறோமே, இதற்கு என்ன பெயர்?

ஆகவே பேச்சுக்கும் சல்லடை வேண்டும். பத்து வேண்டாம், மூன்று போதும்.

முதற் சல்லடை: சொன்னவன் பெயரையும், சொல்லிவந்த காலத்தையும் நீக்கிவிட்டால் மிச்சம் என்ன நிற்கிறது?

“மாமூல்” என்ற ஒற்றைச் சொல் எத்தனை காலம் நம்மை ஆண்டிருக்கிறது! 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தார் சிலர் நுழைந்து பூசை செய்தார்கள். இராமநாதபுரம் அரசர் வழக்குத் தொடுத்தார். வழக்கு மதுரையிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கும் போயிற்று. 1908-இல் அங்கே முடிந்த தீர்ப்பு, நுழைய உரிமையில்லை என்பதே. என்ன காரணம்? அவர்கள் அசுத்தமானவர்கள் என்று யாராவது ரசாயன சாலையில் சோதித்துக் கண்டார்களா? இல்லை. வழக்கம்! வழக்கத்துக்கு மேல் அப்பீல் இல்லை என்று அன்றைக்குப் பெரிய வக்கீல்கள் எல்லாம் ‘ஆணித்தரமாக’ வாதித்தார்கள்.

அந்த ஆணி எவ்வளவு காலம் நின்றது? 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நாடார்களும், தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும் நுழைந்தார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டமே வந்துவிட்டது. கோபுரம் இடிந்ததா? வைகை வற்றியதா? மழை பொய்த்ததா? ஒன்றுமில்லை. ஆயிரம் வருஷத்து மாமூல் போன இடம் தெரியவில்லை. நிலைத்து நின்றது என்பதனால் ஒரு பேச்சு உண்மையாகிவிடாது. எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை என்பதே அது நின்றதற்குக் காரணமாக இருக்கலாம். நம் களக்காட்டுக் கோயில் சாமிக்குச் சத்தியவாகீஸ்வரர் என்று பெயர். பெயரிலேயே சத்தியவாக்கு இருக்கிறது. அதற்காக அந்தக் கோயில் வாசலில் பேசப்படும் பேச்செல்லாம் சத்தியமாகிவிடுமா?

இரண்டாம் சல்லடை: இப்படி நடந்தாலும் ஜெயம், அப்படி நடந்தாலும் ஜெயம் என்று இருக்கிறதா?

மறுபடியும் முத்துத் துறைக்கே வாருங்கள். முதல் நூற்றாண்டில் கடல் வழிகளைப் பற்றி எழுதிய கிரேக்க நூல் ஒன்று, கொற்கையில் முத்தெடுக்க மூழ்கியவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று சொல்லுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ இன்னொரு வேடிக்கையை எழுதியிருக்கிறார். கிடைத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறாமீன் கடிக்காமல் கடலைக் கட்டுகிற மந்திரக்காரர்களுக்கு! மூச்சடக்கி ஆழத்தில் மூழ்கியவன் ஒருவன். கரையில் நின்று முணுமுணுத்துப் பங்கு வாங்கியவன் மற்றொருவன். இந்தக் ‘கடல்கட்டி’ உத்தியோகம் வெள்ளைக்காரர் ஆட்சியிலும் போகவில்லை. இலங்கையில் பெரிய அதிகாரியாயிருந்த டென்னெண்ட் என்பவர் 1859-இல் வெளியிட்ட நூலில், அக்காலத்துக் கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர் என்று எழுதுகிறார். எந்தத் தெய்வத்தின் மந்திரமானாலும் சுறாவுக்கு ஒன்றுதான் போலும்!

இவர்களுடைய வாதத்தின் அமைப்பைப் பாருங்கள். சுறா கடிக்கவில்லையா? மந்திரத்தின் மகிமை. கடித்துவிட்டதா? மூழ்கியவன் சுத்தமில்லாமல் இறங்கினான். இந்த வாதம் ஒருநாளும் தோற்காது. ஒருநாளும் தோற்க முடியாத வாதம் எப்படி ஆணித்தரமாகும்? சல்லடையில் ஏறவே மறுக்கிற முத்தை எந்த வியாபாரி வாங்குவான்?

இப்போது தாம்பாளத்துப் பெரியவரிடம் வருவோம். ‘பார்க்காமல் கட்டினார்கள், புருஷன் போனான்’ என்றார். சரி. பார்த்துக் கட்டியவர்களில் போனவர்கள் எத்தனை பேர்? எண்ணினாரா? எங்கள் தெருவில் இளவயதில் புருஷனை இழந்தவர்கள் ஐந்து பேரை எனக்குத் தெரியும். ஐவருக்கும் பத்துப் பொருத்தம் பார்த்து, நாள் பார்த்து, ஹோமம் வளர்த்துத்தான் தாலி கட்டினார்கள். கேட்டால் ‘அது விதி’ என்பார்கள். பார்க்காமல் போனால் தோஷம், பார்த்தும் போனால் விதி! கடல்கட்டி கடற்கரையை விட்டு நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டான் என்பது அல்லாமல் இது வேறு என்ன?

கணக்கையும் போட்டுவிடுவோம். லக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் நின்றால் தோஷம் என்பது அவர்கள் சொல்லும் விதி. 12 வீட்டில் 5 வீடு. அப்படியானால் 100 பேரில் ஏறக்குறைய 42 பேருக்குத் தோஷம் இருந்தாக வேண்டும். ஊரில் பாதிப் பேர் தோஷக்காரர் என்றால் யாரும் ஜோசியரிடம் வரமாட்டார்கள் அல்லவா? ஆகையால் அந்த ராசியில் நின்றால் விலக்கு, இந்தக் கிரகம் பார்த்தால் விலக்கு என்று விலக்குக்கு மேல் விலக்கு. பிரியமான சம்பந்தமானால் விலக்கு அகப்படும். பிரியமில்லாவிட்டால் தோஷம் அகப்படும். மேலப்பாளையத்து முஸ்லிம்களும், பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர்களும் செவ்வாயைக் கேட்டா கல்யாணம் செய்கிறார்கள்? அவர்கள் தலைக்கு மேலே வேறு வானமா இருக்கிறது?

மூன்றாம் சல்லடை: காட்டுகிற சாட்சிக்கும் கேட்ட கேள்விக்கும் சம்பந்தம் உண்டா?

மதுரையில் சமணருக்கும் சம்பந்தருக்கும் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் அனல்வாதம், புனல்வாதம் உங்களுக்குத் தெரியும். யார் கொள்கை உண்மை என்பது கேள்வி. அதற்கு என்ன செய்தார்கள்? ஏட்டை நெருப்பில் போட்டார்கள்; பிறகு ஆற்றில் போட்டார்கள். எரியாத ஏடும், எதிர்நீச்சல் போட்ட ஏடும் ஜெயித்த ஏடுகள். தோற்ற பக்கத்தார் எண்ணாயிரவர் கழுவேறினார்கள் என்பது கதை. நடந்ததோ இல்லையோ, இது பெருமையாகச் சொல்லப்பட்டு வந்த கதை என்பதுதான் நமக்கு முக்கியம். ஓலை எரியாவிட்டால் ஓலையைப் பற்றி ஏதோ தெரிகிறது. ஓலையில் எழுதியதைப் பற்றி என்ன தெரிகிறது? இரண்டும் இரண்டு என்று இரண்டாக எழுதி நெருப்பில் போட்டால் எரியும். மூன்று என்று ஒரு செப்புத் தகட்டில் எழுதிப் போட்டால் எரியாது. அதற்காக இனிமேல் கணக்கை மாற்றிக்கொள்வதா?

வாயால் தோற்றவனை உடலால் அழிப்பதுதான் முடிவான வாதம் என்று படித்த ஜனங்கள், தாம்பாளத்து அடியையும் வாதமென்று எடுத்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் எதில் என்றால், அடியை நிறுத்திய பிறகும் அதற்குப் பணிந்து நிற்பதில்தான்.

இவ்வளவும் வைதிகர்களைப் பற்றி மட்டும் சொன்னேன் என்று நம் தோழர்கள் கைதட்டிவிட்டு எழுந்துவிட வேண்டாம். நம்முடைய மேடைகளையும் இதே சல்லடையில் போடத்தான் வேண்டும். ஒரு தலைவர் பெயரைச் சொல்லி, ‘அவரே சொல்லிவிட்டார்’ என்று முடிக்கிறோமே, அது முதற் சல்லடையில் நிற்குமா? எதிர்க்கட்சிக்காரன் நல்லது செய்தால் பயந்து செய்தான், கெட்டது செய்தால் அவன் சுபாவம் என்கிறோமே, அது இரண்டாம் சல்லடையில் நிற்குமா? கேட்ட கேள்வியை விட்டுவிட்டுக் கேட்டவனுடைய ஜாதியை விசாரிக்கிறோமே, அது மூன்றாம் சல்லடையில் நிற்குமா? நானும் இவற்றையெல்லாம் செய்தவன்தான். கைதட்டல் மயக்கத்தில் தூளை ஆணியென்று விற்றிருக்கிறேன். கைதட்டலை நிறுக்க எந்தத் தராசிலும் கல் கிடையாது. பகுத்தறிவு என்பதில் ‘பகுத்தல்’ முன்னே நிற்பதை நாமே மறந்தால் வேறு யார் ஞாபகம் வைப்பார்கள்?

சோதனை என்றால் என்ன என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே மகேந்திரகிரி இருக்கிறது. அங்கே ராக்கெட் எஞ்சினை அசையாமல் பிணைத்துவைத்து எரியவிட்டுப் பார்க்கிறார்கள். எஞ்சின் செய்தவர் பெரிய நிபுணர், பழைய குடும்பத்தவர் என்று சொல்லி ஒருவரும் சும்மா விடுவதில்லை. அப்படிச் சோதித்துத் தேறிய எஞ்சின் வகையைக் கொண்ட ராக்கெட்தான் 2013 நவம்பர் 5-இல் மங்கள்யானை ஏற்றிச் சென்றது. 2014 செப்டம்பர் 24-இல் அது செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. பூமியில் ஏறக்குறையப் பாதிக் குறுக்களவுள்ள, சூரியனைச் சுற்ற 687 நாள் எடுத்துக்கொள்கிற, துரு நிறத்து மண் கிரகம் அது. களக்காட்டில் ஒரு பெண் யாரைக் கட்ட வேண்டும் என்று கவலைப்படும் அறிகுறி அதில் ஒன்றும் தென்படவில்லை.

அந்த வீட்டுக்கு நான் மறுபடியும் போனேன். அன்றைக்குச் சொல்லாததை அன்று சொன்னேன். கத்தவில்லை, தாம்பாளத்தைத் தொடவுமில்லை. பெண்ணின் தகப்பனாரிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, “உங்கள் சொந்தத்தில் கடந்த முப்பது வருஷத்துக் கல்யாணங்களை எழுதுங்கள். ஜாதகம் பார்த்தது எத்தனை, பார்க்காதது எத்தனை, எதில் எத்தனை பேர் நன்றாக வாழ்கிறார்கள், நீங்களே எண்ணுங்கள். என் பேச்சை நம்ப வேண்டாம்” என்றேன். அவர் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெண் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இதை எழுதுகிற வரையில் கல்யாணம் நடக்கவில்லை. ஆனால் நின்றுவிட்டது என்றும் இப்போது அவர்கள் சொல்வதில்லை.

தோழர்களே, இனி யாராவது ஒருவர் ஆணித்தரமாகப் பேசினார் என்று உங்களிடம் சொன்னால், எவ்வளவு சத்தமாகப் பேசினார் என்று கேட்காதீர்கள். எந்தக் கல்லில் உரைத்துப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், அடித்தது ஆணியென்றும், அது இறங்கினது உங்கள் தலையிலென்றும் தெரிந்துகொள்ளுங்கள்.

— களக்காட்டான்